கறுப்பு எழுத்தின் ஓரத்தில் சிவப்பு நிழல்

கல்யாணப் பத்திரிகை. திரையில் எழுத்து பளிச்சென்று இருந்தது. ஆஃப்செட்டில் அடித்ததும் பொடி எழுத்துகளின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாய் நிழல். எழுத்துருவை மாற்றினேன், ரெசல்யூஷனைக் கூட்டினேன், அச்சகத்தார் பிளேட்டையே மறுபடி போட்டார். நிழல் போகவில்லை.

அக்ரோபாட் புரோவில் ஒவ்வொரு மையையும் தனித்தனியே பார்க்க உதவும் அவுட்புட் ப்ரிவியூவில் கறுப்பு மையை மட்டும் அணைத்தபோதுதான் பிடிபட்டது: எழுத்து மறையவே இல்லை! ஆர்ஜிபி (திரையின் நிற முறை) கறுப்பை சிஎம்ஒய்கே (நாலு மை அச்சு முறை) ஆக்கும்போது, ஸ்வாப் (SWOP) என்ற அச்சு நிற ப்ரொஃபைலில் போட்டோஷாப் அதை சயான் (நீலச் சாயல்) 75, மெஜந்தா (சிவப்புச் சாயல்) 68, மஞ்சள் 67, கறுப்பு 90 சதவீதம் என்று நாலு மைக்கும் பிரித்துவிடுகிறது. தாள் மயிரிழை நகர்ந்தாலும் நிறம் எட்டிப் பார்க்கும்.

எழுத்தை மட்டும் இல்லஸ்ட்ரேட்டரில் புதிதாக அடித்து, கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 கொடுத்து, ஓவர்பிரிண்டும் (அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அடிப்பது) போட்டேன். அப்பாடா, சுத்தமாக வந்தது. படங்களைத் தொடவில்லை, அங்கே நாலு மை சேர்ந்தால்தான் கறுப்புக்கு ஆழம்.