பிரசவ வகுப்புக்குப் பணம் கட்டும் முன்: தலைப்பிரசவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைப்பிரசவம் என்றால் நம் ஊரில் அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. இப்போது கர்ப்பிணியையும் துணைக்கு வருபவரையும் பிரசவத்துக்குத் தயார் செய்யும் பிரசவ வகுப்பும் அதில் சேர்ந்துகொண்டது. பெரிய ஊர்களில் நேரடி வகுப்புகள் நடக்கின்றன. மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்குக் கைபேசியிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. போவதா, வேண்டாமா என்ற கேள்விக்கு விளம்பரத்தையோ, போய்வந்த தோழி சொல்வதையோ வைத்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். தோழிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவமனை வேறு, உங்களுடையது வேறு. பிரசவம் எங்கே, வலி வரும்போது பக்கத்தில் இருக்கப்போவது யார் என்ற இரண்டும் தெரியாமல் வகுப்பைப் பற்றி யோசிப்பதே முதல் கோளாறு.

இருக்கும் ஊரில் வகுப்பு, அம்மா வீட்டில் பிரசவம்

சென்னையில் வேலை பார்க்கும் பெண் கணவரோடு வார இறுதி வகுப்பில் சேர்கிறாள். வலியின்போது இடுப்பின் அடிப்பகுதியை எப்படி அழுத்திவிடுவது, மூச்சை எப்படி எண்ணுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று கணவர் அக்கறையாகக் கற்றுக்கொள்கிறார். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிகிறது. பெண்ணைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்கிறார்கள். ஒரு நள்ளிரவில் வலி எடுக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அம்மா. கணவர் கற்றுக்கொண்டதெல்லாம் அவரோடு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருக்கிறது.

கணவர் வகுப்புக்கு வரக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் பிரசவ அறைக்குள் உண்மையில் நுழையப்போவது யார் என்று கேட்டுவிட்டு ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை குறித்து மத்திய அரசு 2016-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி துணையாக இருக்கக்கூடியவர், தானே பிரசவ அனுபவம் உள்ள ஒரு பெண். தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை அணிந்திருக்க வேண்டும், பிரசவம் முடியும்வரை கூடவே இருக்க வேண்டும், மருத்துவர், செவிலியர் வேலையில் குறுக்கிடக் கூடாது. தனிமறைவுக்கு வசதி உள்ள இடங்களில்தான் கணவரை அனுமதிக்கலாம். தனியார் மருத்துவமனைகளில் விதி இடத்துக்கு இடம் மாறும்.

அப்படியானால் வகுப்பில் உட்கார வேண்டியவர் பல வீடுகளில் அம்மாவோ அக்காவோ அத்தையோதான். "நான் பெறாத பிள்ளையா, எனக்கு எதற்கு வகுப்பு?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் பெற்ற காலத்துக்கும் இப்போதைக்கும் நடைமுறை மாறியிருக்கிறது. அவருக்குத் தேவை பிரசவம் என்றால் என்ன என்ற பாடமில்லை. மகள் அலறும்போது கலங்காமல் அருகில் நிற்பது எப்படி என்ற பாடம். இந்த ஒரு விஷயத்தில் இணையவழி வகுப்பு நேரடி வகுப்பைவிட மேல்: மகள் சென்னையிலும் அம்மா நெல்லையிலும் இருந்தபடி ஒரே பாடத்தைக் கேட்கலாம்.

துணைக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிரசவத்தின்போது ஒருவர் இடைவிடாமல் கூட இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரம் சுருங்குகிறது, வலி மருந்தின் தேவையும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட மதிப்பாய்வு கண்டது. ஆனால் பொதுவான பிரசவ வகுப்புகளைப் பற்றி அதே அமைப்பு 2007-இல் வெளியிட்ட மதிப்பாய்வோ, அவற்றால் என்ன பலன் என்று தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றே முடிந்தது. வகுப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. துணைக்கு வருபவரைத் தயார் செய்யாத வகுப்புக்கு நிறையப் பணம் கொடுக்காதீர்கள் என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையைக் கேட்காமல் வகுப்பில் சேருவது

வகுப்பில் பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்து ஆடச் சொல்லித் தருகிறார்கள். மண்டியிட்டு, பக்கவாட்டில் படுத்து, சுவரில் சாய்ந்து நின்று வலியைத் தாங்கும் நிலைகளைக் காட்டுகிறார்கள். எல்லாம் நல்லதுதான், ஆபத்தில்லாத பிரசவத்தில் பெண் நடமாடலாம், நிமிர்ந்த நிலையில் இருக்கலாம், நீர் ஆகாரம் எடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகளும் சொல்கின்றன. குழந்தை வெளிவர வசதியாகப் பிறப்புறுப்பின் வாயை எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரிப்பதும், வயிற்றின் மேல் அழுத்தித் தள்ளுவதும் வேண்டாம் என்கின்றன. ஆனால் நீங்கள் பதிவு செய்த மருத்துவமனையில் உள்ளே போனதும் படுக்கவைத்து, கையில் டிரிப்ஸ் ஏற்றி, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்க்க வயிற்றில் பெல்ட் கட்டி, "அசையாமல் படும்மா" என்று சொல்லிவிட்டால் கற்ற பத்து நிலைகளும் எதற்கு?

ஆகவே அடுத்த செக்கப்பிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வலி நேரத்தில் எழுந்து நடக்க விடுவார்களா? துணைக்கு ஒருவர் கடைசிவரை இருக்கலாமா, அல்லது வாசலோடு சரியா? முதுகில் போடும் வலி நீக்க ஊசியான எபிடியூரல் கிடைக்குமா, நள்ளிரவிலும் மயக்க மருத்துவர் இருப்பாரா? நாள் தள்ளிப்போனால் எத்தனை வாரம்வரை காத்திருப்பார்கள்? பிறந்ததும் குழந்தையை அம்மாவின் மார்பில் போடுவார்களா, வேறு அறைக்குக் கொண்டுபோவார்களா? பதில் வந்த பிறகு எந்த வகுப்பு பொருந்தும் என்பது தானே தெரியும். சில நேரம், மாற்ற வேண்டியது மருத்துவமனையை என்பதும் தெரிந்துவிடும். அதற்கும் நேரம் இருக்கும்போதே தெரிவது நல்லது. பல மருத்துவமனைகள் தாங்களே வகுப்பு நடத்துகின்றன. வெளியே தேடும் முன் அதையும் விசாரியுங்கள். அங்கே போனால் குறைந்தது பிரசவ அறையையாவது ஒருமுறை கண்ணால் பார்க்கலாம்.

"சுகப்பிரசவம் நிச்சயம்" என்ற வாக்குறுதி

எந்த வகுப்பாலும் இந்த உறுதியைத் தர முடியாது. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8. உடம்பு ஒன்றாக இருந்தாலும் இடம் மாறினால் எண்ணிக்கை மாறுகிறது. அரசு, தனியார் இரண்டிலும் சேரும் தாய்மார்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் இத்தனை பெரிய இடைவெளியை மூச்சுப் பயிற்சி நிரப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தையின் நிலை, நஞ்சுக்கொடி இருக்கும் இடம், தாயின் ரத்த அழுத்தம் என்று பயிற்சிக்குக் கட்டுப்படாதவை பல உண்டு.

இந்த வாக்குறுதியை நம்பி வகுப்புக்குப் போகும் பெண்கள் செய்யும் இன்னொரு காரியம், சிசேரியன் பாடம் வரும்போது எழுந்துபோவது. அபசகுனம் என்று வீட்டில் சொல்வார்களாம். பாதிக்கு அருகில் நடக்கும் ஒன்றைத் தெரிந்துகொள்வதில் என்ன அபசகுனம்? முதுகில் ஊசி போட்டால் எதுவரை மரத்துப்போகும், விழித்திருப்போமா, எப்போது எழுந்து நடக்க வைப்பார்கள், தையலோடு எப்படி உட்கார்ந்து பால் கொடுப்பது என்பதெல்லாம் முன்பே தெரிந்தால் அந்த நாளில் பயம் பாதியாகக் குறையும். திடீரென அறுவைக்குப் போனவர்களில் சிலர் "நான் தோற்றுவிட்டேன்" என்று மாதக்கணக்கில் மருகுகிறார்கள். அந்த எண்ணத்தை விதைத்ததில் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

யோகா வகுப்பையும் பிரசவ வகுப்பையும் ஒன்றாக நினைப்பதும் இதன் தொடர்ச்சிதான். முதலாவது உடற்பயிற்சி. இரண்டாவதில் வலி தொடங்குவது முதல் நஞ்சு வெளியேறுவது வரை என்ன நடக்கும், எதற்கு நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் வர வேண்டும். வாத்து நடை, குந்தி எழுதல் என்று கைபேசியில் சுற்றும் காணொளிகளைப் பார்த்து நீங்களாகவே செய்ய வேண்டாம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்களும், ரத்தக் கசிவோ குறைமாத வலியோ வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

கருவிலேயே குழந்தையை மேதையாக்குவோம் என்று கர்ப்ப சம்ஸ்காரப் பெயரில் விற்கப்படும் பயிற்சிகளைப் பற்றி ஒரு வரி போதும்: வயிற்றுக்குள் குழந்தைக்குக் காது கேட்பது உண்மை, அதனால் அறிவு கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. பாட்டு கேட்கக் கட்டணம் எதற்கு?

எப்போது சேருவது

ஐந்தாம் மாதத்தில் சேர்ந்தால் பிரசவத்துக்குள் பாதி மறந்துபோகும். ஒன்பதாம் மாதக் கடைசியில் சேர்ந்தால் வகுப்பு முடியும் முன்பே வலி வரலாம். 37 வாரத்துக்குப் பிறகு எந்த நாளும் பிரசவ நாள்தான். 28 முதல் 34 வாரத்துக்குள் முடிப்பது வசதியானது. நம் வீடுகளில் இன்னொரு கணக்கும் உண்டு: வளைகாப்பு ஏழாம் மாதம் என்றால் பயணமும் விருந்தினர்களும் அந்த வாரங்களையே விழுங்கிவிடுவார்கள். தேதி குறித்ததும் வகுப்பையும் அதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ஊர் மாறினால் மீதி வகுப்பை இணையத்தில் பார்க்கலாமா, குறைமாதத்தில் பிரசவமாகிவிட்டால் பணம் திரும்புமா என்பதை முழுத் தொகையையும் கட்டும் முன் கேளுங்கள். நடத்துபவர் செவிலியரா, பிசியோதெரபிஸ்டா, சில வாரச் சான்றிதழ் பெற்றவரா என்பதையும் கேட்கலாம். கேட்டால் கோபப்படுபவரிடம் போகவே வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்கக் கூடாதவை

வகுப்போடு ஒரு வாட்ஸ்அப் குழுவும் வரும். ஒரே மாதத்தில் குழந்தை பிறக்கப்போகும் பெண்கள் சேர்ந்து பேசிக்கொள்வது ஆறுதல்தான். ஆனால் பனிக்குடம் உடைந்தது போலிருக்கிறது, ரத்தம் படுகிறது, குழந்தை அசைவது குறைந்திருக்கிறது, தலை பிளக்கிறது, கண் மங்குகிறது என்பவையெல்லாம் குழுவில் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் செய்திகள் அல்ல. அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியவை. வண்டி இல்லையென்றால் 108.

நல்ல வகுப்பு சொல்லித்தர வேண்டியதில் முக்கியமானதும் இதுதான்: எப்போது கிளம்புவது, எப்போது பொறுத்திருப்பது. சூட்டு வலி என்று நம் வீடுகளில் சொல்வது ஓய்வெடுத்தால், சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்தால் அடங்கிவிடும். உண்மையான வலி படுத்தாலும் நடந்தாலும் நிற்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணி நேரமாக இப்படியே என்றால் கிளம்பலாம் என்பது முதல் பிரசவத்துக்குப் பொதுவான கணக்கு. மருத்துவமனை தூரமாக இருந்தாலோ, மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகும் முதல் பிரசவத்தில் 12 மணி நேரம்வரை ஆகலாம். இது தெரிந்த அம்மா நாலாவது மணி நேரத்தில் "ஏதாவது பண்ணுங்க டாக்டர்" என்று கையைப் பிசைய மாட்டார்.

குழந்தை பிறந்ததோடு முடிந்துபோகும் வகுப்பு

பிரசவம் ஒரு நாள். அதற்குப் பிறகு வரும் நாற்பது நாள்தான் ஆளைப் புரட்டிப்போடுகிறது. பாடத்திட்டத்தில் தாய்ப்பால் இல்லையென்றால் அந்த வகுப்பு எனக்குக் கணக்கிலேயே இல்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்குவது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாமல் கொடுப்பது, ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம் என்பது எல்லாம் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குழந்தை அழுததும் "பால் பத்தவில்லை" என்று தீர்ப்புச் சொல்பவரும், சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு நாக்கில் தடவுபவரும் வீட்டுப் பெரியவர்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து என்பதை மருமகள் சொன்னால் சண்டை வரும். வகுப்பில் செவிலியர் சொன்னால் மாமியாரும் கேட்டுக்கொள்வார். எனவே ஒரே ஒரு வகுப்புக்குத்தான் பெரியவர்களை அழைத்துவர முடியும் என்றால் இந்த வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.

வகுப்பே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்களைக் குற்ற உணர்ச்சிக்குத் தள்ள வேண்டியதில்லை. படிக்கப் படிக்கப் பயம் கூடும் மனம் சிலருக்கு. வேறு சிலருக்குக் கட்டணம் கட்டுப்படியாகாது. கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரோ செவிலியரோ அமைந்துவிட்டால் பாதி வகுப்பு அங்கேயே முடிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யும்போதும், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் இலவசக் கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகும்போதும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கூட்டம் அதிகமாக இருக்கும், நேரம் குறைவாகக் கிடைக்கும். அதனால் முக்கியமான மூன்றை மேலே எழுதுங்கள். போகும்போது, பிரசவ அறைக்குள் வரப்போகும் அந்த அம்மாவையோ அத்தையையோ கூடவே அழைத்துப் போங்கள்.