கதவைச் சாத்தியும் அணையாத கார் உள்விளக்கு – என் அனுபவம்

தேவகோட்டையில் வீட்டு வாசலில் நிற்கும் எங்கள் பழைய காரில், கதவெல்லாம் சாத்தியும் உள்விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. 5 வாட் பல்புதானே என்று விட்டுவிடாதீர்கள். மணிக்கணக்கில் எரிந்தால் பழைய பேட்டரியை அது படுக்க வைத்துவிடும்.

விளக்கின் ஸ்விட்ச்சை ஆஃபில் வைத்தால் அணைந்தது. கதவு திறந்தால் மட்டும் எரிய வேண்டிய 'டோர்' நிலையில் எரிந்தது. அப்படியென்றால் கோளாறு கதவுப் பக்கம்தான்.

டிக்கி உட்பட ஒவ்வொரு கதவாகத் திறந்து, கதவுச் சட்டத் தூணில் உள்ள பின் ஸ்விட்ச்சை (கதவு சாத்தும்போது அமுங்கி விளக்கை அணைக்கும் சின்னப் பொத்தான்) விரலால் அமுக்கிப் பார்த்தேன். வலது பின்கதவு ஸ்விட்ச் மட்டும் கொழகொழவென்று இருந்தது, முழுசாக அமுங்கவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே இழுத்தால், ரப்பர் உறை கிழிந்திருந்தது. நம்ம ஊர்ச் செம்மண் புழுதி மழை ஈரத்தில் குழைந்து உள்ளே அப்பியிருக்க, செம்பு முனையில் பச்சைக் களிம்பு. வயரைப் பிடுங்கியதும் விளக்கு அணைந்தது. அதன்பிறகும் எரிந்திருந்தால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது என்று அர்த்தம்.

"அண்ணே, வயரைக் கிளிப் போட்டுக் கவ்வி வைங்க, தூணுக்குள்ள விழுந்தா எடுக்க முடியாது" என்றார் பக்கத்து எலக்ட்ரீஷியன் தம்பி. பொன்னான யோசனை.

சுத்தம் செய்து பார்ப்பதைவிடப் புது ஸ்விட்ச் போடுவதே மேல். காரைக்குடி ஸ்பேர் கடையில் மலிவாகவே கிடைத்தது. ஸ்க்ரூ உட்காரும் இடத்துத் துருவை எமரித் தாளால் தேய்த்துவிடுங்கள், எர்த் (மின்சாரம் பாடி வழியாகத் திரும்பும் பாதை) அதன் வழியாகத்தான். புது மாடல் கார்களில் இந்த ஸ்விட்ச் பெரும்பாலும் கதவுப் பூட்டுக்குள்ளேயே இருக்கும். அங்கே காண்டாக்ட் கிளீனர் (மின் முனைகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்துப் பாருங்கள்.