சுண்ணாம்பு நீற்றத் தெரிந்தவருக்குச் சமன்பாடு கஷ்டமில்லை

பென்னாகரம் பக்கம் எங்கள் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பு வாங்கி நீற்றுவோம். கல்லைத் தண்ணீரில் போட்டதும் சீறும், கொதிக்கும், ஆவி பறக்கும். பிறகு மாவாக உதிரும். ஒரு வருஷம் சித்தப்பா அவசரத்துக்கு பிளாஸ்டிக் வாளியில் நீற்றப்போய், வாளி கோணிக்கொண்டது. சேர்க்கை வினை (பொருள்கள் சேர்ந்து ஒன்றாவது), வெப்ப உமிழ் வினை (வெப்பத்தை வெளிவிடுவது) என்று பத்தாம் வகுப்பில் படிப்பது இதைத்தான். (வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் தள்ளியே நிற்கட்டும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.)

சுட்ட சுண்ணாம்பு என்பது கால்சியம் ஆக்சைடு. இதுபோல உலோக ஆக்சைடு நீரோடு சேரும் வினைக்குச் சமன்பாடு எழுதுவதை நான்கு படிகளில் பார்ப்போம்.

குறியீடுகளை நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். நான் பெயரிலேயே சொல்கிறேன்.

படி 1: வினை நடக்குமா?

பலரும் தாண்டிப் போகும் படி இது. லித்தியம், சோடியம், பொட்டாசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் நீரோடு வினைபுரியும். மெக்னீசியம் ஆக்சைடு மெதுவாக, அரைமனதாக. இரும்பு, தாமிரம், அலுமினிய ஆக்சைடுகள் சாதாரண நீரை எட்டிக்கூடப் பார்க்காது. தருமபுரிச் செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வந்தது. எத்தனை மழை பெய்தாலும் அது சுண்ணாம்பு போலக் கொதிக்கிறதா?

படி 2: விளைபொருள் எது?

உலோகத்தின் பெயரோடு ஹைட்ராக்சைடு சேர்த்தால் முடிந்தது. ஹைட்ரஜன் வாயு வராது. சோடியம் உலோகத்தையே நீரில் போட்டால்தான் அது வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மதிப்பெண்ணை விடாதீர்கள்.

படி 3: வாய்பாடு

உலோகத்தின் இணைதிறன் (அது மற்றவற்றோடு சேரும் திறனைக் காட்டும் எண்) எத்தனையோ அத்தனை ஹைட்ராக்சைடு தொகுதி (OH). சோடியத்துக்கு 1, கால்சியத்துக்கு 2.

படி 4: சமன்படுத்துதல்

ஆக்சைடில் உள்ள ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் ஒரு நீர் மூலக்கூறு. இரண்டும் சேர்ந்து இரண்டு ஹைட்ராக்சைடு. இந்தக் கணக்கு பிடிபட்டால் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு

ஆக்சிஜன் 1, எனவே நீர் 1. கிடைக்கும் 2 ஹைட்ராக்சைடையும் ஒரே கால்சியம் வைத்துக்கொள்கிறது. முன்னால் எண் எதுவும் வேண்டாம். எடை போட்டுப் பார்த்தாலும் சரியாக வரும்: 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 18 கிராம் நீர், 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. வீட்டில் இதைவிட நிறையத் தண்ணீர் விடுகிறோமே என்றால், ஆவியாகப் போவது கொஞ்சம், குழம்பாகக் கரைப்பதற்கு மீதி.

சோடியம் ஆக்சைடு + நீர் → 2 சோடியம் ஹைட்ராக்சைடு

இங்கேயும் ஆக்சிஜன் 1, நீர் 1, ஹைட்ராக்சைடு 2. ஆனால் சோடியமும் 2 இருக்கிறதே! ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்கின்றன. அதனால் 2 முன்னால் வருகிறது. அந்த 2-ஐ வாய்பாட்டுக்குள் கீழே செருகுவதுதான் நோட்டுகளில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு.

இப்போது செம்மண்ணுக்குத் திரும்புவோம். அந்த இரும்பு ஆக்சைடில் இரும்பு 2, ஆக்சிஜன் 3. நம் கணக்குப்படி நீர் 3, இரும்பு ஹைட்ராக்சைடு 2. காகிதத்தில் அழகாகச் சமன்படும், மண்ணில் நடக்காது. படி 1-ஐ முதலில் வைத்தது இதற்காகத்தான்.

நீங்கள் போட்டுப் பாருங்கள்: பொட்டாசியம் ஆக்சைடு, பேரியம் ஆக்சைடு, தாமிர ஆக்சைடு. மூன்றில் ஒன்றுக்கு 'வினை இல்லை' என்று எழுத வேண்டும்.