மதம் சாராத வீட்டுவழிக் கல்வி: குறைந்த செலவில் பாடப்பொருள் திரட்டுவது எப்படி?

ஐந்து வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே எழுத்தும் எண்ணும் கற்பிக்க முனையும் பெற்றோர், பெட்டியாக விற்கப்படும் பாடத் தொகுப்பை முதல் வாரத்திலேயே வாங்கிவிடக் கூடாது. நான் வாங்கினேன். பல ஆயிரம் ரூபாய் கட்டித் தருவித்த அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு பாடமும் ஒரே மதத்தின் வழிபாட்டுப் பாடலோடு தொடங்கியது. எண்ணிப் பார்க்கத் தந்திருந்த படங்களும் அம்மதத்தின் சின்னங்களே. இரண்டே நாளில் அது பரணுக்குப் போயிற்று.

மதம் சாராதது என்றால் பொங்கலும் ரமலானும் கிறிஸ்துமஸும் இல்லாத புத்தகம் என்று பொருளல்ல. வாங்குவதற்கு முன் மழை, கிரகணம், இரவு பகல் ஆகியவை வரும் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ராகு சூரியனை விழுங்கியது கதைப் புத்தகத்தில் கதையாக இருந்தால் குறையில்லை. அதுவே அறிவியல் பாடத்தில் விளக்கமாக நின்றால் அப்புத்தகத்தை வைத்துவிடலாம். நிலவின் நிழல் பூமியில் விழுவதை ஒரு டார்ச் விளக்கையும் இரண்டு எலுமிச்சம்பழங்களையும் கொண்டு காட்டச் சொல்லும் புத்தகமே நமக்கு வேண்டியது.

அடித்தளமாக அரசுப் பாடநூலையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூல்கள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாக அமைந்திருப்பதால், தமிழில் முந்தியும் கணக்கில் பிந்தியும் நிற்கும் குழந்தைக்கு அவை நன்கு பொருந்துகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்களுக்கு அம்மொழிவழிப் பாடநூல்களும் அதே கழகத்தில் உண்டு. பிற்பாடு பள்ளியில் சேர்க்க நேர்ந்தால், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வழிசெய்கிறது. அரசுப் பாட வரிசையை ஒட்டி நடந்திருந்தால் அப்போது குழந்தை திணறாது.

கதைகளுக்கு, பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் போதும். திறந்த உரிமம் என்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயர்களை நீக்காமல் அச்சிட்டுக்கொள்ளத் தடையில்லை. மொழியைத் தமிழ் என்றும் நிலையை 1 என்றும் தேர்ந்தெடுங்கள். ஜெராக்ஸ் கடையில் ‘புக்லெட்’ முறையில் இருபுறமும் அச்சடிக்கச் சொன்னால், 16 பக்கக் கதை நான்கே ஏ4 தாள்களில் அடங்கிவிடும். முதல் தாளின் ஒருபுறம் 16, 1 ஆகிய பக்கங்களும் மறுபுறம் 2, 15 ஆகிய பக்கங்களும் வந்திருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். மாறியிருந்தால் அத்தனையும் வீண். நடுவில் மடித்து ஊசிநூலால் தைத்துவிடலாம். கருப்பு வெள்ளையில் அச்சடித்தால் வண்ணம் தீட்டும் வேலை குழந்தைக்குக் கிடைக்கும்.

கணக்குக்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். மாசி, பங்குனியில் புளி தட்டும் வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். கேட்டால் ஒரு கை கொட்டை அள்ளித் தருவார்கள். பத்துக் கொட்டைகளை எடுத்து ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான தரையில் தேய்த்தால் தோல் போய் வெள்ளை தெரியும். தாயம் ஆடுவதுபோல் குலுக்கிப் போட்டு, வெள்ளை எத்தனை, கருப்பு எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். ஏழும் மூன்றும், ஆறும் நான்கும் எனப் பத்தின் கூறுகளெல்லாம் ஒரு வாரத்துக்குள் வாயில் வந்துவிடும். அடுத்து பல்லாங்குழி: பதினான்கு குழிகளில் ஐந்தைந்தாக இட்டால் எழுபது. பெருக்கலைச் சொல்லித்தர இதைவிட நல்ல பலகையை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

மிச்சப்படும் பணத்தைப் புத்தகத் திருவிழாவுக்கு ஒதுக்கிவையுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நடக்கும் திருவிழாக்களில் பொதுவாகப் பத்து விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைந்தவை. தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படக்கதைகள் சற்றே விலை கூடினாலும், தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருப்பதால் இரண்டு புத்தகங்களின் வேலையைச் செய்யும். திருவிழாவுக்கு முந்தைய மாதங்களில் மாவட்ட மைய நூலகத்தின் சிறுவர் பகுதியில் எடுத்துவந்து, குழந்தை மூன்றாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்ட நூல்களின் பெயர்களை மட்டும் குறித்துவைத்து, அந்தச் சீட்டோடு கடைக்குள் நுழையுங்கள்.