பொருத்துக, பாகம் குறி: ஐந்துக்கு ஐந்து ஏன் வேண்டாம்?

போன வருடம் எட்டாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திவிட்டு மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பொருத்துக பகுதியில் ஐந்து வாங்கியவர்கள் இருந்தார்கள், மூன்று வாங்கியவர்கள் இருந்தார்கள். நான்கு வாங்கியவர் ஒருவர்கூட இல்லை.

யோசித்துப் பார்த்தால் நான்கு வருவது அபூர்வம். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கமும் ஐந்தே விடை என்று ஐந்துக்கு ஐந்து கொடுத்தால் நான்கு தெரிந்தவனுக்கு ஐந்தாவது இனாம். ஒன்றை மாற்றி எழுதினால் அது இன்னொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆக ஒரு தவறுக்கு இரண்டு மதிப்பெண் போகும். ஒரே விடையை இரண்டு இடத்தில் எழுதினாலோ ஒன்றை விட்டுவிட்டாலோதான் நான்கு கிடைக்கும். எதுவுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால்? மொத்தம் 120 விதமாகப் பொருத்தலாம். அவற்றில் 44 விதங்களில்தான் பூஜ்யம். மீதி 76 விதங்களிலும் ஒரு மதிப்பெண்ணாவது கிடைத்துவிடும்.

அன்றிலிருந்து பொருத்துக, பாகம் குறி (படத்தில் கோடிட்ட பாகங்களுக்குப் பெயர் எழுதுவது) என்ற இந்த இரண்டு வகை வினாக்களையும் கொஞ்சம் மெனக்கெட்டுத்தான் தயாரிக்கிறேன். வினாத்தாள் எழுதப் பழகும் புது ஆசிரியர்களுக்கு என் வழி இது.

படி 1: ஒரு வினா, ஒரே சங்கதி

நான் முதலில் கொடுத்த வினாவில் ‘செல்லைக் கண்டறிந்தவர்’, ‘ஸ்கர்வி’, ‘சிறுநீரகங்கள்’, ‘மைட்டோகாண்ட்ரியா’ எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. எதிரே ‘ராபர்ட் ஹூக்’, ‘வைட்டமின் சி’, ‘இரத்தத்தை வடிகட்டுகின்றன’, ‘ஆற்றல் நிலையம்’. பாடப் புத்தகத்தைத் திறக்காத பிள்ளைகூட ‘கண்டறிந்தவர்’ என்றால் ஆள் பெயரைத்தான் தேடும். எதிர்ப்பட்டியலில் ஒரே ஒரு ஆள் பெயர்தான் இருந்தது.

தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. வினைமுற்றே விடையைச் சொல்லிவிடும். ‘சிறுநீரகங்கள்’ என்று பன்மையில் கொடுத்துவிட்டு எதிரே ஒரே ஒரு இடத்தில் ‘வடிகட்டுகின்றன’ என்று போட்டால் அங்கே சோதிக்கப்படுவது அறிவியல் இல்லை, இலக்கணம். ‘வடிகட்டுதல்’, ‘செரித்தல்’ என்று எல்லாவற்றையும் தொழிற்பெயராக மாற்றிவிடுங்கள்.

படி 2: இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஏழு

நீளமானவை இடப்பக்கம், சுருக்கமானவை வலப்பக்கம். பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தேடப்போவது வலப்பக்கத்தைத்தான். அது ஒரே பார்வையில் அடங்க வேண்டும். வைட்டமின் குறைபாடுகளை வைத்து நான் எழுதியது:

1. மாலையில் கண் தெரியாமை
2. கை கால் மரத்துப்போதல், பெரிபெரி
3. ஈறில் இரத்தம் கசிதல்
4. குழந்தையின் கால் எலும்பு வளைதல்
5. இரத்தம் உறையத் தாமதமாதல்

வலப்பக்கம்: வைட்டமின் ஏ, பி1, பி3, சி, டி, ஈ, கே. இதில் பி3-யும் ஈ-யும் உபரி. உபரி என்பதற்காக எதையாவது போடக் கூடாது. ‘ஹீமோகுளோபின்’ என்று போட்டால் எந்தப் பிள்ளையும் அதைத் தொடாது. நிஜமாகவே குழம்பக்கூடியதாக இருந்தால்தான் அதற்கு அங்கே வேலை.

படி 3: முப்பத்தைந்தையும் சரிபாருங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். மேலே உள்ள மூன்றாவதை இன்னொரு தரம் படியுங்கள். ஒரு மாணவி ‘கே’ என்று எழுதியிருந்தாள். தவறு போட்டேன். இடைவேளையில் விடைத்தாளோடு வந்து நின்றாள்: “சார், கே இல்லன்னா ரத்தம் உறையாது. அப்ப ஈறுலயும் வருமில்ல?”

வரும். அவள் சொன்னது சரி. மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டு, மறுமுறை வினாவை ‘ஈறு வீங்கி இரத்தம் கசிதல், பல் ஆட்டம் காணுதல்’ என்று மாற்றினேன். ஐந்தாவதில் ‘அடிபட்டால்’ என்று ஒரு சொல் சேர்த்தேன்.

இப்போதெல்லாம் இடப்பக்கம் உள்ள ஒவ்வொன்றையும் வலப்பக்கம் உள்ள ஏழோடும் வைத்து, ‘இதுவும் சரியாகிவிடுமோ?’ என்று கேட்டுப்பார்க்கிறேன். ஐந்தேழு முப்பத்தைந்து. பத்து நிமிடம் ஆகும். தேர்வு முடிந்து நாற்பது பேர் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வருவதைவிட இது தேவலை.

படி 4: விடையை எப்படி எழுத வேண்டும்?

அ, ஆ, இ, ஈ போடுவதுதான் நம் வழக்கம். ஆனால் ‘அ’ என்று எழுதியதில் ஒரு சுழியைச் சேர்த்தால் ‘ஆ’ ஆகிவிடும், திருத்திக் கொடுத்த பிறகும் சேர்க்கலாம். ரோமன் எண்கள் அதைவிட மோசம். வலப்பக்கம் சுருக்கமாக இருந்தால் எழுத்தே வேண்டாம், விடைச் சொல்லையே எழுதச் சொல்லிவிடுங்கள். வைட்டமின் வினாவில் இதை இரண்டாம் தடவைதான் புரிந்துகொண்டேன். ‘அ) வைட்டமின் ஏ’ என்று போட்டிருந்தேன், பாதிப் பேர் ‘அ’ என்றும் மீதிப் பேர் ‘ஏ’ என்றும் எழுதிவைத்தார்கள்.

கூடவே ‘சில விடைகள் மீதமாகும்’ என்று வினாவிலேயே ஒரு வரி போடுங்கள். போடாவிட்டால் அறையில் ஆளாளுக்குக் கை தூக்குவார்கள். பட்டியல் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படி 5: பாகம் குறி

பொருத்துக வினாவுக்கு இது தம்பி மாதிரி, படம்தான் இடப்பட்டியல். பாடப் புத்தகப் படத்தை ஸ்கேன் எடுத்து ஜெராக்ஸ் போடாதீர்கள். சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாக வரும், இதயத்தில் எது தமனி, எது சிரை என்று நமக்கே தெரியாது. நான் வெள்ளைத்தாளில் கறுப்பு ஜெல் பேனாவால் கையாலேயே வரைந்துவிடுவேன். கணினியில்தான் செய்வேன் என்றால் பவர்பாயிண்ட் போதும்: ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி கோடு இழுத்தால் கோணாமல் வரும், முடிந்ததும் எல்லாவற்றையும் குரூப் செய்துவிடுங்கள். வேர்டில் மட்டும் வரையாதீர்கள், மேலே ஒரு வரி சேர்த்தால் கீழே கோடுகள் இடம் மாறிவிடும்.

கோட்டின் முனை எல்லைக் கோட்டில் நிற்கக் கூடாது, பாகத்துக்குள்ளே போய்ப் புள்ளியோடு முடிய வேண்டும். கண் படத்தில் கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவே என் கோடு ஒன்று நின்றுவிட்டது. இரண்டுக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டியதாயிற்று. கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதயத்தில் வேறொரு கண்ணி இருக்கிறது. எதிரே நிற்கும் ஆளின் இதயம் என்பதால் படத்தின் இடப்பக்கம் இருப்பது வலது ஏட்ரியம். இதை மறந்த பிள்ளை நான்கு அறைகளையும் மாற்றி எழுதி நான்கு மதிப்பெண்ணையும் இழக்கும், தெரியாதது ஒரே ஒரு விஷயம்தான் என்றாலும். அதைத்தான் சோதிக்கப்போகிறீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் ஒரு அறையை நீங்களே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

பெயர் எழுதுவதோடு நிறுத்தாமல் கடைசியில் ஒன்று கேளுங்கள்: ‘எந்த எண்ணுள்ள அறையின் சுவர் மிகத் தடிமனானது? ஏன்?’ படத்தை மனப்பாடம் செய்தவர் யார், இடது வெண்ட்ரிக்கிள் உடல் முழுக்க இரத்தத்தைத் தள்ள வேண்டும் என்பதைப் புரிந்தவர் யார் என்று அங்கே தெரிந்துவிடும்.

பிற்சேர்க்கை 1: வினாத்தாளை வேறு கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் கிறுக்கலாக வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால் அப்படித்தான். யூனிகோடுக்கு மாறுங்கள், அச்சகத்துக்குப் பிடிஎஃப் ஆக மட்டும் அனுப்புங்கள்.

பிற்சேர்க்கை 2: கூகுள் ஃபார்ம்ஸில் ஏழு விடைகளைக் கிரிட் வகையில் கொடுத்தால் போனில் வலப்பக்கம் மறைந்துபோகிறது, பிள்ளைகள் அதை நகர்த்திப் பார்ப்பதே இல்லை என்றார் ஒரு டீச்சர். நான் ஐந்து தனித்தனி டிராப்டவுன் கேள்விகளாகப் போடுகிறேன். எல்லாவற்றிலும் அதே ஏழு விடைகள்.

பிற்சேர்க்கை 3: பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குப் பாகம் குறி எப்படி என்று கேட்டிருந்தார்கள். முதலில் எழுதும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அதே மதிப்பெண்ணுக்குப் படமில்லாமல் ஒன்று சேர்த்து எழுதுகிறேன்: ‘உடலிலிருந்து திரும்பும் இரத்தம் முதலில் நுழையும் அறை எது? அங்கிருந்து நுரையீரல் வரை அது செல்லும் வழியை வரிசையாக எழுதுக.’ போன தேர்வில் படம் போடப்பட்ட வினாவை விட்டுவிட்டு இதை எழுதட்டுமா என்று கண் நன்றாகத் தெரியும் மூன்று பேர் கேட்டார்கள். எழுதச் சொன்னேன்.