பிக்கப் மாத்தப் போறீங்களா, முதல்ல ஸ்க்ரூடிரைவர எடுங்க

எலக்ட்ரிக் கிட்டார் சவுண்டு பிடிக்கலன்னா கை முதல்ல போறது புது பிக்கப் (கம்பிக்குக் கீழ இருந்து அதோட அதிர்வ மின் சிக்னலா மாத்தற காந்தமும் சுருளும்) விலை பாக்கத்தான், ஆனா இருக்கற பிக்கப்போட ஹைட்ட ஒரு தடவையாவது மாத்திப் பாத்தீங்களான்னு கேட்டா பாதி பேர் முழிப்பாங்க. ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட் கிட்டார்ல வர்ற பழைய மாடல் பிக்கப்புக்கு அவங்களே குடுத்திருக்கற அளவு, கடைசி ஃப்ரெட்ட அழுத்திப் பிடிச்சா தடிச்ச கம்பிக்கும் பிக்கப்புக்கும் 2.4 மில்லிமீட்டர், மெல்லிசு பக்கம் 2. இதவிட ரொம்ப மேல ஏத்தி வச்சா காந்தம் கம்பிய இழுக்கும், மேல் ஃப்ரெட்ல சுருதி சேராத மாதிரி ஒரு அலைச்சல் கேக்கும், அத பிக்கப் மட்டம்னு நெனச்சு தூக்கிப் போட்டவங்க நெறைய. ரெண்டு திருகு திருகினா தீர்ற விஷயம்.

அடுத்தது இந்த கிலோ ஓம் பைத்தியம். நம்பர் பெருசா இருந்தா சவுண்டு பெருசுன்னு நெனச்சு வாங்கறாங்க. அது வெறும் கம்பிச் சுருளோட மின் தடை, அவ்ளோதான். சுத்தற கம்பி மெல்லிசானாலே தடை ஏறிடும், கேஜ் நம்பர் ஏற ஏற கம்பி மெல்லிசு, அதனால 42 கேஜ்ல சுத்தினதையும் 44 கேஜ்ல சுத்தினதையும் பக்கத்துல வச்சு நம்பர மட்டும் பாத்தா ஒண்ணும் புரியாது. சீமோர் டங்கன் கம்பெனியோட ஜேபி பிக்கப் 16 கிலோ ஓம் கிட்ட காட்டும், டிமார்சியோ கம்பெனியோட சூப்பர் டிஸ்டார்ஷன் 14க்கும் கீழதான், ஆனா கெயின் ஏத்தி வாசிச்சா அது ஒண்ணும் சளைச்சது இல்ல, ஏன்னா உள்ள இருக்கறது செராமிக் காந்தம். 1957ல கிப்சன் லெஸ் பால்ல வந்த பிஏஎஃப் ஹம்பக்கருக்கு (ரெண்டு காயில சேத்து ஹம் இரைச்சல வெட்டற பிக்கப்) இன்னிக்கும் உயிர விடறாங்களே, அது பெரும்பாலும் 7லருந்து 9 கிலோ ஓம்க்குள்ளதான், அதுவும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஒரே கம்பெனி, ஒரே கேஜ், ஒரே காந்தம்னா மட்டும் நம்பர வச்சு ஒப்பிடுங்க.

பாட், அதாவது வால்யூம், டோன் நாபுக்கு அடியில இருக்கற மாத்தக்கூடிய மின் தடை, அத யாரும் யோசிக்கறதே இல்ல. ஒரே சுருள் இருக்கற சிங்கிள் காயில் பிக்கப்புக்கு வழக்கமா 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. ஸ்ட்ராட் பிரிட்ஜ்ல ஹம்பக்கர் போட்டுட்டு பழைய 250 பாட்டையே விட்டா கம்பளி போத்தின மாதிரி மந்தமா இருக்கும், பழி பிக்கப் மேல விழும். ஈஎம்ஜி 81 மாதிரி பேட்டரில ஓடற ஆக்டிவ் பிக்கப்னா கதையே வேற, அதுக்கு 25 கிலோ ஓம் பாட் வேணும், பழைய 500லயே விட்டா வால்யூம் நாப் லைட் ஸ்விட்ச் மாதிரி ஆன் ஆஃப் மட்டும் பண்ணும், போதாக்குறைக்கு 9 வோல்ட் பேட்டரிக்கு பாடிக்குள்ள இடம் இருக்கான்னும் பாக்கணும்.

வயரிங்ல நான் பட்டத சொல்றேன். டிமார்சியோ ஹம்பக்கருக்கு டங்கனோட படத்த வச்சு சால்டர் பண்ணிட்டேன், நிறம் எல்லாம் ஒண்ணுதானேன்னு. டங்கன்ல கருப்பு வயர் ஹாட் (சிக்னல் வெளிய போற வயர்), சிவப்பும் வெள்ளையும் சேரணும், டிமார்சியோல சிவப்பு ஹாட், கருப்பும் வெள்ளையும் சேரணும், பச்சை மட்டும் ரெண்டுலயும் கிரவுண்ட். விளைவு, மூக்கடைச்ச மாதிரி பேஸே இல்லாத சவுண்டு, ஹம்ம வெட்டவேண்டிய ஹம்பக்கர்லயே ஹம். உள்ள இருக்கற ஒரு காயில் தலைகீழா போயிருக்கு. ரெண்டு நாள் பிக்கப்ப திட்டிட்டு இருந்தேன் 😅

போல்பீஸ் (பிக்கப் மேல ஒவ்வொரு கம்பிக்கும் கீழ தெரியற உலோகப் பொட்டு) கம்பிக்கு நேரா இல்லன்னு புலம்பறவங்களுக்கு, ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தா கண்ணுக்குத்தான் உறுத்தும், காதுக்கு தெரியாது. ஆனா விலை கம்மியான ஸ்ட்ராட் காப்பிகள்ல ஓட்டை இடைவெளி வேற மாதிரி இருக்கும், புது பிக்கப் பழைய கவருக்குள்ளயே நுழையாது, அதனால வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கேல் வச்சு அளந்துடுங்க.

கழட்டின பழைய பிக்கப்ப ஸ்க்ரூ, ஸ்பிரிங்கோட ஒரு கவர்ல போட்டு வைங்க. நாளைக்கு கிட்டார விக்கும்போது முதல் கேள்வியே ஒரிஜினல் இருக்கான்னுதான் வரும்.