ஆக்சிஜன் சென்சார் கோடு வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, மைலேஜும் குறைந்துவிட்டது, ஸ்கேன் செய்தால் ஆக்சிஜன் சென்சார் (எக்ஸாஸ்ட் புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) என்று வருகிறது. உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். கோடு (code, ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்) சொல்வது அந்த சர்க்யூட்டில் எங்கோ கோளாறு என்பதை மட்டும்தான். வயரா, பியூஸா, சென்சாரா என்று பார்ப்பது நம் வேலை.

1. கோடைப் படியுங்கள். பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் ஓபிடி சாக்கெட் (ஸ்கேனரைக் காரின் கணினியோடு இணைக்கும் இடம்) இருக்கும். ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகினால் போனிலேயே பார்க்கலாம். பி0135 என்றால் முதல் சென்சாரின் ஹீட்டர் (சென்சாரைச் சூடாக்கும் பகுதி) சர்க்யூட், பி0141 என்றால் இரண்டாவதன் ஹீட்டர் சர்க்யூட். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்டருக்கு முன்னால் இருப்பது முதலாவது, பின்னால் இருப்பது இரண்டாவது. இதைக் குழப்பிக்கொண்டு நல்ல சென்சாரைக் கழற்றிப் போடுபவர்கள் நிறையப் பேர்.

2. கண்ணால் பாருங்கள். வயர் எக்ஸாஸ்ட் குழாயில் பட்டு உருகியிருக்கிறதா? எலி கடித்திருக்கிறதா? கனெக்டர் பின்களில் பச்சையாகப் பூத்திருக்கிறதா? ஹீட்டருக்கான பியூஸ் சரியா? அப்புறம், சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய், நல்ல சென்சாரும் 'பெட்ரோல் போதவில்லை' என்று தப்பாகச் சொல்லும்.

3. அளந்து பாருங்கள். ஹீட்டர் கோடு என்றால் இன்ஜினை அணைத்து, கனெக்டரைப் பிரித்து, சென்சார் பக்கத்தில் ஒரே நிறத்தில் வரும் இரண்டு வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பல சென்சார்களில் இவை வெள்ளையாக இருக்கும். சில ஓம் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. ஓபன் (இணைப்பு அறுந்தது) என்று காட்டினால் ஹீட்டர் போய்விட்டது, சென்சாரை மாற்ற வேண்டியதுதான்.

சிக்னலைச் சோதிக்க, சூடான இன்ஜினை ஓடவிட்டு ஸ்கேனரில் லைவ் டேட்டா பாருங்கள். சாதாரண ஜிர்கோனியா வகை முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பின் சென்சார் ஆடாமல் நின்றால் பயப்படாதீர்கள். கன்வெர்டர் நன்றாக வேலை செய்தால் அது அப்படித்தான் நிற்கும். வைட்பேண்ட் என்ற வேறு வகை சென்சார் உள்ள கார்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

4. மாற்றுவது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கை சுடாத, ஆனால் வெதுவெதுப்பான நிலையில் மரை சுலபமாகக் கழலும். பெரும்பாலும் 22 மிமீ ஸ்பேனர். வயர் நுழைய வெட்டு உள்ள சாக்கெட் கிடைத்தால் வேலை எளிது. புது சென்சார் கீழே விழுந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விடலாம். மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை தடவியே வந்திருந்தால் மேலும் தடவாதீர்கள்; சென்சார் முனையில் துளியும் படக்கூடாது. முதல் சில சுற்றுகளைக் கையாலேயே முறுக்குங்கள்.

வயரை வெட்டி ஒட்டும் யுனிவர்சல் சென்சாரைப் புதியவர்களுக்குச் சொல்லமாட்டேன். பல சென்சார்கள் ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை வயரின் உள்ளிழைகள் வழியாகத்தான் இழுக்கின்றன. சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடும். கார் மாடலுக்கான கனெக்டரோடு வருவதையே வாங்குங்கள்.

கடைசியாகக் கோடை அழித்து, சில நாள் ஓட்டிப் பாருங்கள். புது சென்சாருடன் அதே கோடு திரும்பினால் மறுபடி படி 2-க்குப் போய் வயரிங்கைத் தேடுங்கள்.